நடுவன் சொன்ன விலை

வாசலில் நிற்கிற சாம்பல் நிறக் கார் உங்களுடையது என்றால், அதன் பின்பக்க வலது கதவு வேறு ஒரு காரிலிருந்து வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள், ரப்பர் மட்டும் கொஞ்சம் தடிமன் அதிகம். நாளைக்கு விற்கும்போது எவனாவது அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பான். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தொழில் புத்தி, மன்னியுங்கள். மூன்று நாளாக என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறீர்கள், நானும் தெரியாது, நினைவில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு முழுவதையும் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாதீர்கள். நான் வேலை செய்யும்போதும் யாரும் நடுவில் பேசுவதில்லை.

பிஷ்கெக் கார் பஜாரில் என்னைக் காலிஸ் என்பார்கள். எந்தப் பக்கமும் சாயாத நடுவன். விற்கிறவன் ஒரு விலை கேட்பான், வாங்குகிறவன் ஒரு விலை சொல்வான், இரண்டும் சேராமல் இழுத்துக்கொண்டே நிற்பார்கள். கடைசியில் "சாகின் அண்ணனைக் கூப்பிடு" என்பார்கள். நான் போனதும் இரண்டு பேரும் காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். பார்க்கிற நேரத்தில் என் முகத்தை யாரும் படித்துவிடக் கூடாது, அதற்காக. பார்த்து முடித்ததும் பானெட்டை மூடுவேன். அந்தச் சத்தம் கேட்டுத் திரும்புவார்கள். ஒரே ஒரு விலை சொல்வேன். காரணம் சொல்வதில்லை, கேட்பதும் வழக்கமில்லை. இரண்டு பேர் கையையும் பிடித்து ஒன்றாக வைத்து மேலே ஒரு தட்டு தட்டுவேன். அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகும் வாங்கினவன் குனிந்து காருக்கு அடியில் பார்த்தால், அவன் என்னைத் திருடன் என்று சொன்ன மாதிரி.

நீங்கள் படித்தவர், கருவி வைத்துச் சோதிக்கலாமே என்பீர்கள். சோதிக்கலாம். பஜார் வாசலிலேயே அதற்கும் கடை இருக்கிறது. அங்கே போகிறவன் என்னைக் கூப்பிட மாட்டான், என்னைக் கூப்பிட்டவன் அங்கே போக மாட்டான். இந்த ஊரில் அப்படித்தான்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை சொல்வது தனி வேலை. குடும்பக் காரில் தேய்மானத்தைப் பார்த்தால் போதும். இதில் ஓட்டினவனையே பார்க்க வேண்டும். இருக்கையின் வெளி ஓரம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, பிரேக் மிதியில் ரப்பர் எந்த மூலையில் போயிருக்கிறது, ஸ்டியரிங்கில் எந்த இடம் பளபளக்கிறது என்று பார்த்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். மீட்டரில் ஓடிய தூரத்தை யார் வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம், ஆசையைத் திருப்பி வைக்க முடியாது. அதை எல்லாம் கூட்டிக் கழித்து, விற்கிறவனும் இரவு தூங்க வேண்டும், வாங்குகிறவனும் தூங்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு விலை சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் நியாயமான விலை. இத்தனை வருஷத்தில் என் விலையைப் பற்றி ஒருவன்கூட முணுமுணுத்ததில்லை.

இப்போது குபாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இறந்துபோன எர்போலின் அப்பா என்று உங்கள் காகிதத்தில் இருக்கும். எனக்கு அவன் அதற்கும் மேல். தொண்ணூறுகளில் நாங்கள் இரண்டு பேரும் லிதுவேனியாவுக்கு ரயிலில் போய், ஆளுக்கு ஒரு பழைய கார் வாங்கி, ரஷ்யா முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து இங்கே விற்போம். ஒரு தடவை வழியில் கொள்ளைக்காரர்கள் என் காரைப் பிடுங்கிக்கொண்டு, என்னைப் பனியில் இறக்கிவிட்டார்கள். குபாத் முன்னால் போய்விட்டவன், என்னைக் காணோமே என்று திரும்பி வந்தான். ஊருக்கு வந்து தன் காரை விற்று, பாதியை என் சட்டைப்பையில் திணித்தான். நான் வேண்டாம் என்றேன். "வச்சுக்கடா, உம் பொண்டாட்டி என்னையத்தான் திட்டுவா" என்றான். அந்த வருஷம் எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் மனைவிமார் மாசமாக இருந்தார்கள். அவனுக்குப் பையனும் எனக்குப் பெண்ணும் பிறந்தால் சம்பந்தி ஆகிவிடுவது என்று வாக்குக் கொடுத்துக்கொண்டோம். எங்கள் ஆட்களிடம் அது பழைய வழக்கம். அப்படியே பிறந்தார்கள். எர்போல் முதலில், என் ஜிபெக் இரண்டு மாசம் கழித்து.

பெண்ணுக்குக் கல்யாண வயது வந்ததும் குபாத்தின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து ஜிபெக்குக்குத் தோடு போட்டாள். தோடு போட்டால் நிச்சயம் ஆன மாதிரி. தெருவே பார்த்தது. என் மனைவி அந்த நாளைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் குபாத் வந்தான். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சாகின், இது நடக்காதுடா. பையன் ஒத்துக்க மாட்டேங்குறான். தப்பு எங்க பக்கம்தான். தோடு பொண்ணுகிட்டயே இருக்கட்டும்."

"என்ன காரணம்?"

"காரணம் கேக்காத. என்னைய எப்படி வேணும்னாலும் திட்டிக்க."

பெண் வீட்டார் முறித்தால் தோட்டைத் திருப்பித் தர வேண்டும், அந்தப் பெண்ணின் பெயரும் கெடும். பையன் வீட்டார் முறித்தால் தோடு பெண்ணிடமே தங்கிவிடும். சாப்பிட்டு எழுந்தவன் பரிமாறினவளுக்கு மேஜையில் விட்டுப் போகிற சில்லறைபோல அந்தத் தோடு என் வீட்டில் கிடந்தது. உள்ளே ஜிபெக் அழுகிற சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு அவனோடு பேச்சு இல்லை.

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். முதுகில் குத்துவது என்பார்களே, அது எனக்கு உண்மையிலேயே முதுகில்தான் வலித்தது. குனிந்து ஒரு காரின் அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாமல் அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிரமப்பட்டேன். வசந்தத்தில் எர்போலுக்கு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண் பேர் பெகாயிம், அப்பா ஏதோ மந்திரி அலுவலகத்தில் இருக்கிறவர். சரி, அதுதான் காரணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பஜாரில் கூட்டம். மக்சாத் என்கிற பையன், இப்போது உங்கள் காவலில் இருக்கிறானே அவன்தான், ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தியிருந்தான். வலதுபக்க ஸ்டியரிங், இரண்டு கதவு, கருநீலம். அழகான கார், அதை மறுக்கவில்லை. அவன் பதினைந்தாயிரம் டாலர் கேட்டான். வாங்க வந்தவர் பதினொன்றுக்கு மேல் ஏறவில்லை என்று என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனால் நிற்கிறவன் குபாத்.

சம்சா விற்கிற ராய்கான் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன குபாத்து, வெலை சொல்றதுக்குப் பழைய சம்பந்தி, ஏறிப் போறதுக்குப் புதுச் சம்பந்தியா?" என்று அடுப்பருகிலிருந்தே கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குபாத்தும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"வேற ஆளு இருக்காங்களே," என்றேன்.

"இருக்காங்க. எனக்கு நீதான்டா வேணும். பையன் கல்யாணத்துக்குக் குடுக்கப் போறேன். நீ பாத்துச் சொன்னாத்தான் மனசு ஆறும்."

என் மகளை வேண்டாம் என்றவன், அவளுக்குப் பதிலாக வருகிறவள் உட்காரப் போகிற காருக்கு என்னிடமே விலை கேட்டு வந்திருக்கிறான். அப்படியே போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் காலிஸ் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. திரும்பி நில்லுங்கள் என்றேன். இரண்டு பேரும் திரும்பினார்கள். குபாத்தும் என்னைப் போலக் காரிலேயே வாழ்ந்தவன், நினைத்திருந்தால் அவனே பார்த்திருப்பான். கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

முன்பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. எஞ்சின் நன்றாக இருந்தது. உள்ளே ஏறி, இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கினேன். கறுப்புப் பூச்சு புதிதாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வெல்டிங் கோடு, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும். கூரையைத் தாங்குகிற தூண்களைத் தட்டிப் பார்த்தேன், மந்தமான சத்தம் வந்தது. உள்ளே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். முழுக் காராகக் கொண்டுவந்தால் வரி அதிகம். குறுக்கே இரண்டாக அறுத்து, உதிரி பாகம் என்று எழுதி எல்லையைத் தாண்டி, இங்கே பட்டறையில் ஒட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட கார் ஊருக்குள் கடைக்குப் போய்வர வருஷக்கணக்கில் ஓடும். வேகமாகப் போய் எதிலாவது இடித்தால் ஒட்டின இடத்தில் பிரிந்துவிடும். பாகம் பாகமாகக் கழற்றி விற்றால் நாலாயிரம் கிடைக்கும். அதுதான் அதன் நியாயமான விலை.

நாலு என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அப்போது குபாத் பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பொண்ணு தங்கம்ங்க. இந்த மாதிரி மருமக அமையறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்." இதே வார்த்தையை, இதே குரலில், ஜிபெக்கைப் பற்றி என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னவன் அவன்.

நான் விரிப்பைச் சரியாகப் போட்டேன். இறங்கினேன். பானெட்டை மூடினேன். "பதிமூணு" என்றேன்.

குபாத் உடனே கையை நீட்டினான். மக்சாத்தின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று மட்டும் தெரியாது. பிறகு ஒரு உறையைக் கொண்டுவந்து என் சட்டைப்பையில் சொருகப் பார்த்தான். தட்டிவிட்டேன். லஞ்சம் வாங்குகிற ஆள் நான் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். முதல் சர்வீஸுக்குப் போகும்போது மெக்கானிக் கண்டுபிடிப்பான். குபாத்துக்கு ஒன்பதாயிரம் நஷ்டம். நம்பின இடத்தில் ஏமாந்தால் எப்படி இருக்கும் என்று அவனும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். என் மகள் அழுத அழுகைக்கு ஒன்பதாயிரம் அதிகம் என்று நீங்கள் சொல்வீர்களா? நான் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் சொன்னேன். அன்றைக்கு விலை சொன்னது காருக்கு இல்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜிபெக் லக்மான் நூடுல்ஸுக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல மனநிலையில் இருந்தேன். பேச்சோடு பேச்சாக, குபாத் வந்து என்னிடம் கார் விலை கேட்டதைச் சொன்னேன்.

"உங்க குபாத் பெரியப்பாவுக்கு ஒரு பாடம் இருக்கு. பொறுத்திருந்து பாரு," என்றேன்.

அவள் மாவை அப்படியே பலகையில் போட்டுவிட்டாள்.

"அப்பா, அவரை ஒண்ணும் பண்ணாதீங்க. கல்யாணம் வேண்டாம்னு சொன்னது எர்போல் இல்ல. நான்தான்."

"நீயா?"

"சின்ன வயசுலருந்து அண்ணன் அண்ணன்னு கூப்பிட்டுட்டு, அவன்கூட எப்படிப்பா? பெரியப்பாகிட்ட போய் அழுதேன். நீ வாயத் தொறக்காத, பழிய நான் ஏத்துக்கறேன்னு அவர்தான் சொன்னாரு. உங்கப்பன் எம்மேல கோவப்பட்டா ஒரு வருஷத்துல ஆறிடுவான், உம்மேல கோவப்பட்டா உடைஞ்சு போயிடுவான்னு சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

கேட்டிருக்க மாட்டேன். அது வேறு விஷயம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கல்யாணம் முடிஞ்சு அவங்க ஏரிக்கா போறாங்க?"

"ஆமா. சனிக்கிழமை மண்டபத்துலருந்து நேரா. ஏன்?"

புது ஜோடிகள் தேனிலவுக்குப் போகிற அந்த ஏரிக்கு வழி பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் லாரிகள். உங்களுக்குத் தெரியாதது இல்லை. நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் என் காரைக் கழுவினேன். கழுவத் தேவையே இல்லை, முந்தின நாள்தான் கழுவியிருந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் எழுத வேண்டியது இருக்கிறது.

போன் பண்ணினால் போதும். "குபாத், அந்தக் காரை எடுக்காதே" என்றால் போதும், அவன் காரணம்கூடக் கேட்க மாட்டான். எனக்கு அது தெரியும். வியாழன் ராத்திரி தெரியும், வெள்ளிக்கிழமை முழுக்கத் தெரியும். போனை எடுத்தேன், வைத்தேன். முதல் காரணம், சொன்ன விலையை மாற்றுகிறவன் காலிஸ் இல்லை. இன்றைக்கு இந்தக் காருக்கு மாற்றினால், நேற்றைக்கு விற்ற காரை எல்லாம் ஊரே தட்டிப் பார்க்கும். இத்தனை வருஷப் பெயர் ஒரு சாயங்காலத்தில் போய்விடும். இரண்டாவது காரணத்தைச் சொன்னால் நீங்கள் புரிந்துகொள்வீர்களோ இல்லையோ. நான் சொல்லியிருந்தால் குபாத் என்னை மன்னித்திருப்பான். சிரித்துக்கொண்டே, தோளில் தட்டி, "விடுடா" என்று மன்னித்திருப்பான். பனியில் என்னைத் தேடி வந்தவன் அவன், பாதிக் காசைத் திணித்தவன் அவன், என் மகளுக்காகப் பழியைச் சுமந்தவனும் அவன். என் வீட்டு விஷயத்தை என் மகளும் அவனும் சேர்ந்து முடிவு செய்து, எனக்குத் தெரியாமல் ஒரு வருஷம் வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் நான் பட்ட வேதனை எல்லாம் எனக்கு நல்லதற்காம். நம்பிக்கைத் துரோகம் என்றால் இது இல்லையா? அவன் உண்மையிலேயே கெட்டவனாக இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மறுபடியும் அவன் நல்லவனாக நிற்க, நான் அவன் முன்னால் தலையைக் குனிய, அது என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். அழைப்பு வந்திருந்தது, போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மண்டபத்து வாசலில் அந்த நீலக் கார் ரிப்பன் கட்டி நின்றது. குபாத் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது.

"வந்துட்டியா? எனக்குத் தெரியும்டா நீ வருவேன்னு. சம்பந்தி ஆகலைன்னா என்ன, எம் பையனுக்கு நீ சித்தப்பா. வா, நீதான் வாழ்த்திக் குடுக்கணும்."

புது வண்டி கிளம்பும்போது பெரியவர் ஒருவர் கையேந்தி வாழ்த்த வேண்டும், அது எங்கள் முறை. பெண்ணின் அப்பா, மந்திரி அலுவலகத்துக்காரர், அங்கேதான் நின்றார். அவரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். எல்லோரும் உள்ளங்கையை விரித்து நின்றார்கள். நான் கார் முன்னால் நின்று, வழி வெளிச்சமாக இருக்கட்டும், போன இடத்தில் சிரிப்பு இருக்கட்டும், திரும்பி வருகிறபோது கை நிறைந்திருக்கட்டும் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. ஓமின், அப்படியே ஆகட்டும் என்று முகத்தைத் தடவிக்கொண்டோம்.

எர்போல் என்னைக் கட்டிக்கொண்டான். நல்ல உயரம், சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பஜார் முழுக்கச் சுற்றினவன். "சித்தப்பா, நீங்க பாத்துக் குடுத்த காருன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் பீத்திக்கிட்டேன்" என்றான். அந்தப் பெண் பெகாயிம் செருப்புக் கடித்ததால் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். "எங்கம்மா பாத்தா கொன்னுடுவாங்க" என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தாள். நான் அவளை அதுவரை பார்த்ததில்லை. அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

நான் எர்போலிடம் சொன்னேன். "பள்ளத்தாக்குல வேகம் வேண்டாம். மெதுவாப் போ." இரண்டு தடவை சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள், நீங்கள் விசாரிக்கலாம். எச்சரிக்கவே இல்லை என்று யாரும் என்மேல் சொல்ல முடியாது.

பிறகு நடந்ததை உங்கள் ஆட்களே அளந்து எழுதியிருக்கிறார்கள். எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கி, ஓரத்துச் சுவரில் உரசியிருக்கிறது. நல்ல காராக இருந்திருந்தால் கதவு நசுங்கியிருக்கும், அப்பனிடம் திட்டு வாங்கியிருப்பான். இது இருக்கைக்குப் பின்னால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. குபாத் முதலில் போன் பண்ணினது எனக்கு. தன் மனைவிக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்கு. நான்தான் அவனை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டேன். சாவுக்குப் போட்ட கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் வரிசையாக நின்று வாய்விட்டு அழுகிற இடத்தில், சொந்தத் தம்பி நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். நான் அழுதது நடிப்பு இல்லை.

குபாத் உங்களிடம் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியும். பையன் வேகமாக ஓட்டினான், யார்மேலும் குறை இல்லை, காரைச் சாகின் பார்த்திருக்கிறான் என்று. பிறகு உங்கள் பொறியாளர் வெல்டிங்கைக் கண்டுபிடித்தார், மக்சாத்தைப் பிடித்தீர்கள். அவன் காலிஸுக்குத் தெரியும் என்று கத்துகிறான், அவன் பேச்சை யார் நம்புவார்கள். ஜிபெக் வந்து நான் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னதையும் ஏரியைப் பற்றிக் கேட்டதையும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பெற்ற மகள். அவளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்தான் வந்திருக்கிறாள். என் வீட்டில் அது பழகிவிட்டது போலிருக்கிறது.

ஆனால் நான் ஒத்துக்கொள்வது அவளால் இல்லை. போன வாரம் பஜாருக்குப் போனேன். ராய்கான் அக்கா என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பாவம், வயசாயிடுச்சு, கண்ணு போச்சு. இவ்வளவு பெரிய வெல்டிங்கு தெரியல அவருக்கு" என்று யாரிடமோ சொன்னாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அதனால் சொல்கிறேன், தெளிவாக எழுதுங்கள். என் கண் தப்பவில்லை. விரிப்பைத் தூக்கின உடனே பார்த்தேன். அது பிரியும் என்று தெரியும். அவர்கள் இரண்டு பேரும் அதில் பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள் என்று தெரியும். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அவர்களைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். வெளியே பெஞ்சில் குபாத் உட்கார்ந்திருக்கிறான். என்னை இங்கே காரில் கூட்டிக்கொண்டு வந்தது அவன்தான். தனியாகப் போகாதே, உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று பிளாஸ்கில் தேநீரும் எடுத்துவந்திருக்கிறான். கார் விஷயமாக நிபுணர் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "எனக்குன்னு நீ ஒருத்தன்தான்டா மிச்சம்" என்று அழுகிறான். இதில் எழுதியிருப்பது எதுவும் அவனுக்குத் தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. இத்தனை பெரிய துக்கத்தில் அவனைத் தேற்றுவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?